ஏழாம் கிணறு வற்றவில்லை

தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஆளுயரக் கண்ணாடி ஒன்று எதிரே நிற்கும். அதன் மேல்விளிம்பில் பித்தளை எழுத்தில் 'இந்த நிறுவனத்துக்குப் பொறுப்பானவரை இங்கே காணலாம்' என்று பொறித்திருக்கும். பொறுப்புக்கூறல் பிரிவு மாதக்கணக்கில் கூடிக் கூடிப் பேசி, வேறு நாடுகளுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து வைத்த கண்ணாடி அது. ஊழியர் ஒவ்வொருவரும் தினமும் காலையில் அதன் முன்னால் நின்று தன் பொறுப்பை உணர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களும் நின்றார்கள். தலை வாரிக்கொண்டார்கள், பல்லிடுக்கில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள், லிஃப்ட் வந்ததும் ஏறிப் போனார்கள். எழுதியிருப்பதை நம்பிக் கலங்கிப்போனவர்கள் வெளியாட்கள் மட்டும்தான்.

அப்படிக் கலங்கியவர்களில் ஒருவன் ஹாரன். நிறுவனத்தின் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். வண்டி எடுத்த நாளிலிருந்து ஹாரனைத் தொட்டதே இல்லை என்பதால் கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. குறுக்கே மாடு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருப்பான். மேலதிகாரி குறுக்கே நின்றாலும் அப்படித்தான்.

அவன் வேலை சுலபமானது. ஏழாம் கிணற்றில் எடுக்கிற கச்சா எண்ணெயை ஏற்றிக்கொண்டு போய் டிப்போவில் இறக்க வேண்டும். ஏழாம் கிணறு அவன் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சொல்லப்போனால் அது அவன் மனைவியின் நிலத்தில் இருந்தது. அவளுடைய அப்பா அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போன நிலம். எண்ணெய் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நிறுவனம் அதைச் சுற்றி வேலி போட்டு எடுத்துக்கொண்டது. கிணறு வற்றிப்போனால் நிலம் சொந்தக்காரருக்கே திரும்பிவிடும் என்பது ஒப்பந்தம். இது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும்.

ஏனென்றால் அவள் தையல்காரி. கடை கிடையாது. நடைபாதை அளவுக்கே இருந்த கூடத்தில், குளியலறைக் கதவை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டிருந்தாள். வீட்டில் யாராவது குளிக்கப் போக வேண்டுமென்றால் அவள் ஒரு ஓரம் அடித்து முடிக்கும்வரை துண்டும் கையுமாக நிற்க வேண்டும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அடுப்பங்கரையில் நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னால் நிலம் வந்துவிட்டால் அங்கே ஒரு கடை, போட்டுப் பார்க்க ஒரு தடுப்பு அறை, வெளிச்சத்துக்குக் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். இதுதான் அவள் ஆசை. வேலிக்கு அந்தப் பக்கம் 'தலையாட்டி' என்று எல்லோரும் கூப்பிடுகிற பம்பு பகலெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது. எதற்கும் ஆமாம் போட்டுத் தலையாட்டுவது அந்த நிறுவனத்தில் அந்த இயந்திரம் மட்டும்தான் என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது.

ஒரு வருஷம் கோடை தொடங்கும்போது தலையாட்டியின் சத்தம் மாறியது. எண்ணெய் வருகிற கொழகொழப்பு போய், வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். அன்றைக்கு அவள் தைத்த ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் தலைமை அலுவலகத்தில் அப்போதுதான் 'நூறாண்டு நிலைத்தன்மைத் திட்டம்' என்ற கெட்டி அட்டைப் புத்தகம் வெளியாகியிருந்தது. அட்டையில் ஏழாம் கிணறு. பக்கத்தில் நிறுவனத் தலைவர், இடுப்பில் கை வைத்தபடி. நம் பேரனின் பேரனும் இதே கிணற்றில் எண்ணெய் எடுப்பான் என்று உள்ளே அவருடைய கையெழுத்தோடு உறுதிமொழி. கிணறு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. அது பாட்டுக்கு வற்றிவிட்டது. வற்றிவிட்டது என்று வாயைத் திறந்து சொன்ன பொறியாளரை நூலகத்துக்கு மாற்றினார்கள். அச்சடித்த புத்தகத்தை மாற்ற முடியாது, அதனால் கிணற்றைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று.

கள மேலாளர் ஹாரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் அவர். கழற்றினால் மேலாளர் யார், பியூன் யார் என்று தெரியாமல் போய்விடும் என்பது பம்ப் ஆபரேட்டர்கள் சொல்கிற காரணம்.

"நீ எங்கிருந்து எங்க லோடு அடிக்கிற?"

"ஏழாம் கிணத்துல இருந்து டிப்போவுக்கு சார்."

"நாளையில இருந்து டிப்போவுல ஏத்தி ஏழாம் கிணத்துல இறக்கு."

"கிணத்துக்கு எதுக்கு சார் எண்ணெய்?"

"நீண்டகால நிலைத்தன்மைக்கு."

"புரியல சார்."

"உனக்குப் புரியணும்னு யார் சொன்னா? எனக்கே பயிற்சி முகாம்லதான் புரிய வச்சாங்க." மேலாளர் மேஜையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "காலையில நீ ஊத்துற. மத்தியானம் பம்பு எடுக்குது. சாயங்காலம் அதையே நீ டிப்போவுக்குக் கொண்டு போற. மறுநாள் காலையில மறுபடி ஊத்துற. இப்படியே போனா என்னிக்காவது எண்ணெய் தீருமா?"

ஹாரன் யோசித்துப் பார்த்தான். "தீராது சார்."

"அதுக்குப் பேருதான் நிலைத்தன்மை. போ, போய் டயர்ல காத்து இருக்கான்னு பாரு."

மறுநாளிலிருந்து ஹாரன் கிணற்றுக்கு எண்ணெய் வார்க்க ஆரம்பித்தான். தலையாட்டி இருமலை விட்டுவிட்டுப் பழையபடி கொழகொழவென்று பேசியது. மனைவியிடம் எதையும் ஒரு வேளைக்கு மேல் மறைத்து வைக்கத் தெரியாதவன் அவன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டான்.

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள். "அப்போ எங்கப்பா நிலத்தை எனக்கு வரவிடாம அடைச்சு வைக்கிறதுக்கு ஊர்ல வேற டிரைவரே கிடைக்கல. வீட்டு மாப்பிள்ளைதான் கிடைச்சாரா?"

"சொன்ன வேலையைச் செய்யலைன்னா சம்பளம்..."

"சம்பளத்தை யார் குறை சொன்னா? லீவு நாளுல தலைமை ஆபீசுக்குப் போங்க. கிணறு செத்துப்போச்சு, நிலத்தைக் குடுங்கன்னு கேளுங்க. நீங்க போகலைன்னா நான் போவேன். நான் போய்க் கேட்டா எப்படிக் கேட்பேன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்பதால் அவனே போனான். கண்ணாடியின் முன்னால் கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு ஒரு வணக்கம் வைத்தான். வரவேற்பில் இருந்த பெண் அவனைப் பொறுப்புக்கூறல் பிரிவுக்கு அனுப்பினாள்.

அந்தப் பிரிவின் தலைவியைப் பொறுப்பம்மா என்பார்கள். நிறுவனத்தில் எங்கே என்ன கெட்டாலும் அதற்குப் பொறுப்பேற்பது அவருடைய உத்தியோகம். குழாய் வெடித்தாலும் அவர்தான், காண்டீனில் டீ ஆறிப்போனாலும் அவர்தான். ஒரு முறை தீப்பிடித்த கிடங்கின் எதிரே நின்று அவர் பொறுப்பேற்று முடிக்கும்வரை தீயணைப்பு வண்டியைக் காக்க வைத்தார்கள். புகைப்படத்தில் தீ தெரிய வேண்டுமல்லவா.

ஹாரன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் பொறுப்பம்மா எழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கிறேன்."

ஹாரனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. அப்போ நிலம் எப்போ கிடைக்கும்?"

"நிலமா?"

"நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டீங்களேம்மா."

"ஏத்துக்கிட்டேன். அதோட எங்க வேலை முடிஞ்சுது. திருப்பிக் குடுக்கிறது சொத்துப் பிரிவு."

"அப்போ நான் சொத்துப் பிரிவுக்குப் போகட்டுமா?"

"போகலாம். ஆனா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அவங்க பொறுப்பை எல்லாம் எங்ககிட்ட ஒப்படைச்சிட்டாங்க. இப்போ அவங்ககிட்ட ஒரு பொறுப்பும் கிடையாது."

"அப்போ யாருதாம்மா குடுப்பாங்க?"

பொறுப்பம்மா அவனைப் பரிவோடு பார்த்தார். "உங்க ஆதங்கம் எனக்குப் புரியுது. அதுக்கும் நானே பொறுப்பேத்துக்கிறேன். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க, படம் எடுக்கணும்."

படம் நன்றாக வந்திருந்தது. நிறுவனத்தின் மாத இதழில், 'குறை தீர்ந்த ஊழியர்' என்ற தலைப்பில் ஹாரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தையல்காரி அந்தப் பக்கத்தைக் கிழித்து வெட்டுத்துணி மூட்டையில் போட்டாள்.

இதற்கிடையில் இன்னொரு சங்கடம். ஊற்றுகிற எண்ணெய் முழுக்கத் திரும்பி வரவில்லை. கொஞ்சத்தைப் பூமி குடித்துவிட்டது. வேறு இடமாக இருந்தால் இதை நஷ்டம் என்பார்கள். இங்கே கருத்தரங்கு நடத்தினார்கள். கிணறு எதிர்காலத் தலைமுறைக்காகத் தன்னிச்சையாகச் சேமிக்கத் தொடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, சிறந்த கிணறு என்று அதற்கு விருது கொடுத்தார்கள். கிணறு மேடைக்கு வர முடியாததால் மேலாளர் வாங்கிக்கொண்டார்.

விருது கிடைத்ததும் தலைவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் கிணற்றில் இன்னும் எத்தனை வருஷத்துக்கு எண்ணெய் இருப்பு இருக்கிறது? நிலவியல் நிபுணர்கள் கூடி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் ஒருவர், கிணற்றில் வருவது டேங்கரில் வருகிறது, டேங்கர் ஹாரனால் வருகிறது, ஆகவே அளக்க வேண்டியது ஹாரனைத்தான் என்று சொன்னார். இவ்வளவு தெளிவாக அந்த அறையில் யாரும் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹாரனை நிறுவன மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைக்க, நிபுணர்கள் சுற்றி நின்று குறித்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

"ரத்த அழுத்தம் கொஞ்சம் தூக்கல். உப்பைக் குறைச்சா இன்னும் இருபது வருஷம் தாராளமா வண்டி ஓட்டலாம்."

ஏழாம் கிணற்றில் இன்னும் இருபது ஆண்டுகளுக்கான எண்ணெய் இருப்பு உறுதி என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. ஆண்டறிக்கையில் ஊழியர் பகுதியிலிருந்து ஹாரனை எடுத்து, இயற்கை வளங்கள் பகுதியில் சேர்த்தார்கள். மேலாளர் தானே தையல்காரிக்குப் போன் செய்தார்.

"அம்மா, சாப்பாட்டுல உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. அவர் இப்போ தேசத்தோட இருப்பு."

"அவரை நான் பார்த்துக்கிறேன் சார். என் நிலம் என்ன ஆச்சு?"

"அதுக்கென்னம்மா குறை? எண்ணெய் கொட்டுது."

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. ஹாரன் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான்.

பிறகு மதிப்பீட்டுக் குழு வந்தது. உலகத்து எண்ணெய் நிறுவனங்களையெல்லாம் பார்த்து, எவை பொறுப்போடு நடக்கின்றன, எவை நீண்ட காலம் நிலைக்கும் என்று சான்றிதழ் கொடுக்கிற பெரிய இடத்து ஆட்கள். நெட்டையாக ஒருவர், குட்டையாக ஓர் அம்மாள். அவர்கள் ஏழாம் கிணற்றை நேரில் பார்க்கப் போகிறார்கள் என்றதும் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. சாலையைக் கழுவினார்கள். வேலிக்கு வண்ணம் அடித்தார்கள். கிணற்றருகே விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தொட்டியோடு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். எண்ணெய்க் கறை பட்ட எதுவும் விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாது என்று மேலாளர் கடுமையாக உத்தரவு போட்டார். எண்ணெய்க் கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் எண்ணெயைப் பார்த்துவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அதனால் அன்று காலை ஹாரன் வழக்கம்போல டிப்போவில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு வந்தபோது, தெருமுனையில் தடுப்புக் கட்டையைப் போட்டுக்கொண்டு காவலாளி நின்றார்.

"டேங்கர் உள்ள போகக் கூடாது. மேலாளர் உத்தரவு."

"நான் போகலைன்னா கிணத்துல எண்ணெய் வராது அண்ணே."

காவலாளி சிரித்தார். "எடுத்துட்டுப் போறவன் நீ. நீ வந்தாத்தான் எண்ணெய் வருமாக்கும். நல்லா இருக்கு கதை."

ஹாரன் மேலாளருக்குப் போன் செய்தான். இரண்டு முறை துண்டித்துவிட்டார். மூன்றாம் முறை எடுத்தார்.

"பூங்கொத்து வாடிப்போச்சுன்னு நானே தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ வேற. இன்னிக்கு ஒரு டேங்கரும் இந்தப் பக்கம் தலையைக் காட்டக் கூடாதுன்னா கூடாதுதான். ஓரமா நிறுத்து."

ஹாரன் இத்தனை வருஷமும் மேலதிகாரி சொன்னதைத்தான் செய்திருக்கிறான். அன்றைக்கும் அதையே செய்தான். லாரியை ஓரமாக நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விழாவுக்கு நடந்தே போனான். போகிற வழியில் அவன் மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அதன் பின்னாலேயே வந்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு பந்தலுக்குள் நுழைந்தான். கடைசி வரிசையில், 'பயனாளி' என்று நெஞ்சில் அட்டை மாட்டிக்கொண்டு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணெய் ஊத்தியாச்சா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"விடல."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். "இந்த நிறுவனத்தில் எது நடந்தாலும் அதற்கு நானே பொறுப்பு. அதனால்தான் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இந்த எண்ணெயை நாம் வருங்காலத் தலைமுறையிடமிருந்து வாங்கிச் செலவு செய்கிறோம். திருப்பிக் கேட்பதற்கு அவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அதுதான் நம்முடைய பலம். எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது. மறைப்பதற்கென்று தனிப் பிரிவே இருப்பதால் மற்ற பிரிவுகள் முற்றிலும் வெளிப்படையாக இயங்குகின்றன."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் பொத்தானை அழுத்தினார். தலையாட்டி தலையை ஆட்டியது. எண்ணெய் வந்து விழ வேண்டிய இடத்தில் பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லோரும் அதையே பார்த்தார்கள். பழைய வறட்டு இருமல் கேட்டது. தலையாட்டி இருமி இருமித் தலையாட்டி, கடைசியில் மோட்டார் பக்கமிருந்து கருகல் வாடையோடு புகையை விட்டது. பிறகு தலை கவிழ்ந்தபடியே நின்றுவிட்டது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் தலைவர். மைக் அவர் வாயருகிலேயே இருந்தது.

மேலாளர் ஓடி வந்தார். "கிணத்துல ஒரு குறையும் இல்ல சார். டேங்கர் வரல, அவ்வளவுதான்."

"டேங்கர் வராம கிணத்துல எண்ணெய் எப்படிய்யா வரும்? இதுகூடத் தெரியாமலா மேலாளரா இருக்க?"

ஒலிபெருக்கிகள் அதைப் பந்தல் முழுக்கவும், அடுத்த இரண்டு தெருக்களுக்கும் தெளிவாக எடுத்துச் சொல்லின.

தையல்காரி எழுந்து நின்றாள். "அப்போ கிணறு வத்திப்போச்சு. நீங்களே சொல்லிட்டீங்க. என் நிலத்தை எனக்குக் குடுங்க."

பொறுப்பம்மா பழக்க தோஷத்தில் மைக்கைப் பிடித்து, "முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கிறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் கைதட்டுவது எல்லோருக்கும் பழக்கம். தட்டினார்கள். தட்டி முடித்ததும் விஷயம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

மதிப்பீட்டுக் குழு அதற்குள் தங்களுக்குள் குசுகுசுத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. தாங்கள் கிணறுகளை மதிப்பிடுவதில்லை, நிர்வாகத்தைத்தான் மதிப்பிடுகிறோம் என்று நெட்டையர் விளக்கினார். டேங்கர் வராமல் எண்ணெய் வராது என்ற அடிமட்ட உண்மைகூடத் தலைவருக்குத் தெரிந்திருப்பது மெச்சத்தக்கது என்றார். ஒரே ஓட்டுநரை நம்பியிருப்பது மட்டும் ஆபத்து என்றாள் குட்டை அம்மாள். சான்றிதழை அங்கேயே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ஆனாலும் விசாரணை என்று ஒன்று வேண்டுமே. ஒரு வாரம் கழித்து ஹாரனை நீள மேஜையின் ஒரு கோடியில் உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்க மேலாளரையே நியமித்திருந்தார்கள், விவரம் தெரிந்தவர் என்பதால்.

"அன்னிக்குக் கிணத்தை வத்த வச்சது யாரு?"

"கிணறு எப்பவோ வத்திடுச்சு சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நீ வந்திருந்தா எண்ணெய் வந்திருக்குமா இல்லையா?"

"வந்திருக்கும் சார்."

"நீ வரல. எண்ணெய் வரல. சரிதானே?"

"வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க."

"டேங்கர் வரக் கூடாதுன்னு சொன்னேன். எண்ணெய் வரக் கூடாதுன்னு சொன்னேனா?"

தேசத்தின் எண்ணெய் வளம் ஒன்றை வற்றச் செய்த குற்றத்துக்காக ஹாரனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு பொறுப்பு போய்ச் சேர வேண்டிய ஆளைப் போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை என்பதால் தலைமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பொறுப்பம்மா மேடையில் அழுதேவிட்டார். "இத்தனை வருஷமா நான் ஒருத்தியே ஏத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் துணைக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கு" என்றார்.

தையல்காரி மேலாளரின் அறைக்கே போனாள்.

"அவர் வேலைதான் போச்சு. நிலத்தையாவது குடுங்க. வத்திப்போச்சுன்னு மைக்ல சொன்னது உங்க தலைவர்தான்."

"இயற்கையா வத்தினாத்தாம்மா நிலம் திரும்பும். இது உங்க வீட்டுக்காரர் வத்த வச்சது. சொல்லப்போனா நிறுவனம்தான் உங்க மேல வருத்தப்படணும். பெரிய மனசு பண்ணி விட்டிருக்கோம்."

அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். மனுஷன் ஒருவன் சொன்னபடி கேட்டால் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம் என்றால் இவர்களையெல்லாம் எந்தக் கிணற்றில் தள்ளுவது என்று கேட்டாள். ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தைத்து வைத்திருந்த துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். சில நாளில் அவனுக்குத் தண்ணீர் லாரி ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே தண்ணீர் இருக்கிற இடத்தில் ஏற்றி, இல்லாத இடத்தில் இறக்கினார்கள். அது அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏழாம் கிணற்றுக்குப் புது ஓட்டுநரைத் தேடும் வேலை தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே நின்றது. காலியாக இருப்பது ஓட்டுநர் பணியிடம் என்றது பணியாளர் பிரிவு. இல்லை, அது இயற்கை வளம், மனிதர்களை வைத்து நிரப்ப முடியாது என்றது நிலவியல் பிரிவு. கருகிய தலையாட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பம்பை எப்படிப் பழுது பார்ப்பது என்று பட்டறை திகைத்து, அதை ஒரு மூலையில் போட்டு வைத்தது. ஏனென்றால் மாதா மாதம் வருகிற அறிக்கையில் ஏழாம் கிணறு எண்ணெய் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. கொடுக்க வேண்டிய அளவு என்று ஒன்று எழுதியிருந்தது, அதையே கொடுத்த அளவு என்று பக்கத்தில் எழுதினார்கள். டேங்கர் ஓடிய காலத்தில் வழியில் கொஞ்சமாவது சிந்தும். இப்போது அதுவும் இல்லை என்பதால் உற்பத்தி கூடியிருந்தது. காவலாளியையும் வேறு எங்கோ விழா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். தையல்காரி கொஞ்ச நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவளும் ஹாரனும் மெஷினை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள். நான்கு கம்பம், மேலே தகரம், கிழக்கே திறப்பு.

"பிடிச்சிட்டுப் போயிடப் போறாங்க," என்றான் ஹாரன்.

"யார் வருவா? வந்து என்ன சொல்வாங்க? பம்பு ஓடுற இடத்துல கடை போட்டிருக்கேன்னு சொல்லட்டும். பம்பு எங்கன்னு திருப்பிக் கேட்பேன். பம்பு இல்லைன்னு சொன்னா என் நிலம். இருக்குன்னு சொன்னா அப்போ நான் எங்க உட்கார்ந்து தைக்கிறேன்?"

அவள் சொன்ன மாதிரியே ஆயிற்று. முதலில் சொத்துப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பம்பு நல்ல நிலையில் இயங்குகிறது என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த முறை வரும்போது காற்சட்டை ஒன்றை நீளம் குறைக்கக் கொண்டுவந்தார். அதன்பிறகு பிரிவில் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். தையல் சுத்தமாக இருந்தது, தவிரவும் அலுவல் நேரத்தில் ஏழாம் கிணற்றைப் பார்வையிடப் போகிறேன் என்று சொன்னால் யாரும் தடுப்பதில்லை.

ஒரு மத்தியானம் கள மேலாளரே வந்தார். கோட்டு இறுகிப்போய்ப் பொத்தான் மாட்ட முடியாமல் இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்களைத் தையல்காரி அந்தச் சிமெண்ட் மேடையில்தான் நிற்க வைப்பாள். அவரையும் ஏறச் சொன்னாள். ஏறினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்மா. விழா இருக்கு."

"என்ன விழா சார்?"

"இந்த வருஷமும் ஏழாம் கிணத்துக்குத்தான் விருது. நான்தான் போய் வாங்கணும்."

தையல்காரி டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். "கிணறு எப்படி சார் இருக்கு?"

மேலாளர் குனிந்து காலடியில் இருந்த மேடையைப் பார்த்தார். நிமிர்ந்து, கொடியில் தொங்கிய துணிகளையும், முறைக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களையும், அவர்களுக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்திருந்த சொத்துப் பிரிவு ஆளையும் பார்த்தார். அந்த ஆள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

"நல்லா ஓடிட்டிருக்கும்மா," என்றார் மேலாளர்.

"அப்போ சரி. கையைத் தூக்குங்க."

மேலாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

"இன்னும் நல்லா," என்றாள் தையல்காரி. அவர் நன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் அவசரமே படாமல் அளவெடுத்தாள்.